விழுது இறங்கிய கொல்லை

என் கீழ்வரிசையில் ஒரு பல் கிடையாது. பிள்ளைகள் கேட்டால் கரும்பு கடித்துப் போனது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பச்சைப் பொய். கல்யாணமாகி ஒலக்கூர்ப் பக்கத்துக்கு வந்த முதல் வருஷம், ஒரு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைப் புன்செயில், ஒரு பொம்பளை விட்ட அறையில் போன பல் அது.

நான் செய்த குற்றம் இவ்வளவுதான்: ஒரு புல்லைப் பிடுங்கினேன். வரப்போரமாக நடந்து போய்க்கொண்டிருந்தேன். செடியடியில் கோரை ஒன்று முழங்கால் உயரத்துக்கு நின்றது. புது மருமகள், சுறுசுறுப்பானவள் என்று நாலு பேர் சொல்லட்டுமே என்ற ஆசையில் குனிந்து அதைப் பிடுங்கினேன். புல்லோடு ஒரு கைப்பிடி மண்ணும் பெயர்ந்து வந்தது. எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. வாயெல்லாம் ரத்தம் கரித்தது. நிமிர்ந்தால் எதிரில் அவள்.

"எந்தூருடி நீ? விழுது எறங்கிக்கினு கீற மண்ணுல கைய வெக்கிற! ஒன் ஆத்தா ஒன்ன வயித்துல வெச்சிக்கினு இருந்தப்போ எவளாவது உள்ள கைய வுட்டு நோண்டினாளா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பிறந்த ஊர் கிளியனூர்ப் பக்கம். அங்கே எங்களுக்குக் கேப்பையும் நெல்லும்தான். கதிர் வருகிற வரைக்கும் களை எடுப்போம், யாரும் பல்லை உடைக்க மாட்டார்கள். மல்லாட்டை அப்படி இல்லை என்பதை வாயைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அது பூப்பது மேலே, காய்ப்பது கீழே. மஞ்சள் பூ வாடினதும் அதன் அடியிலிருந்து ஊசி போல ஒன்று கிளம்பி, வளைந்து மண்ணுக்குள் போகும். அதுதான் விழுது. அதன் நுனிதான் மண்ணுக்குள் இருட்டில் காயாகப் பருக்கும். விழுது இறங்குவதற்கு முன்னால் இரண்டு தரம் நன்றாகக் கொத்தி, களை எடுத்து, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி வைக்க வேண்டும். இறங்கிய பிறகு கொத்தக் கூடாது, பிடுங்கக் கூடாது, கொல்லைக்குள் கால்கூட வைக்கக் கூடாது. புல் வளர்ந்தால் வளர்ந்துவிட்டுப் போகட்டும்.

இதெல்லாம் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்ததற்காக ஆளை அடிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

அவள் பேரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவள் பிள்ளைகளின் பிள்ளைகள் திண்டிவனத்திலிருந்து வண்டி ஏறி வந்து என்னைக் கேட்பார்கள். கை நீட்டுகிற குணம் அந்த வம்சத்துக்கே உண்டு. எங்கள் பன்னிரண்டு பேர் களைக்கூட்டத்துக்கு அவள்தான் தலையாள். எல்லாருக்கும் யக்கா. அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். குள்ளம். முகத்தில் அம்மைத் தழும்பு. கோபம் வந்தால் மூக்கு நுனி வெளுத்துவிடும். அதைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்ள வேண்டும் என்பது நாங்கள் எல்லாரும் பட்டுத் தெரிந்துகொண்ட சங்கதி.

கொல்லை அவளுடையது அல்ல, எங்களுடையதும் அல்ல. விழுப்புரத்தில் மச்சுவீடு கட்டிக்கொண்டு இருந்த ஒருவருடையது. நாங்கள் ஆண்டை என்போம். அவர் வருஷத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ ரயிலில் வந்து ஒலக்கூரில் இறங்கி, வில்வண்டியில் வந்து, வரப்பில் குடை பிடித்து நின்றுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அவருடைய காரியஸ்தர்தான் எங்களுக்கு ராஜா. களை எடுக்கிற நாளில் எங்களுக்கு அணாக் கூலி. அது அன்றைக்கே வயிற்றுக்குள் போய்விடும். நாங்கள் நம்பியிருந்தது அறுவடைக் கூலியை. செடி பிடுங்கிக் காய் ஆய்ந்தால் எட்டுக் கூடைக்கு ஒரு கூடை எங்களுக்கு. கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் எங்கள் தெருவில் அடுப்பு எரிவது அந்த எட்டில் ஒன்றால்தான். ஆகவே ஆண்டையின் கொல்லையில் காய் குறைந்தால் ஆண்டைக்கு லாபம் குறையும். எங்களுக்குச் சோறு குறையும். யக்கா அடித்ததெல்லாம் இந்தக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன். அவள் அப்படிச் சொன்னதில்லை.

விதை உடைக்கிற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு சுலப வழி இருந்தது. காயின் மேல் தண்ணீரைத் தெளித்து, ஓடு பதமானதும் குவித்துப் போட்டுத் தடியால் சாத்துவார்கள். ஒரு பகலில் நாலு மூட்டை உடைந்துவிடும். எண்ணெய்க்கு அது போதும். விதைக்கு ஆகாது. ஈரம் பட்ட பருப்பில் பூஞ்சணம் பிடிக்கும், தடி பட்ட பருப்பில் தோல் கிழியும். இரண்டும் மண்ணுக்குள் போனால் போனதுதான். ஒரு ஆனி மாசம் காரியஸ்தர் அவசரப்படுத்தினார் என்று ஆம்பிளைகள் நாலு பேர் களத்தில் விதைக்காயைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் யக்காவின் புருஷன். பாவம், சாது. அவள் வந்தாள், பார்த்தாள், அவர் கையில் இருந்த தடியைப் பிடுங்கினாள். மல்லாட்டை மேல் விழ வேண்டிய அடியை எல்லாம் வரிசையாக அவர் முதுகில் போட்டாள்.

"தோலு கிழிஞ்சா நீ மொளைப்பியா? சொல்லு, மொளைப்பியா?"

அவர் முளைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் வரைக்கும் விடவில்லை. மற்ற மூன்று பேரும் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

அப்புறம் நாங்கள் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து விரலால் உடைத்தோம். மூன்றாம் நாள் கட்டைவிரல் நகத்தடியில் பிளந்துகொள்ளும். பருப்பில் ரத்தம் ஒட்டும். அதை முந்தானையால் துடைத்துப் போடச் சொல்வாள், விரலுக்கு ஒன்றும் சொல்ல மாட்டாள். ஏருக்குப் பின்னால் போய்ப் பருப்புப் போடும்போது சாணுக்கு ஒன்று விழ வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டாகப் போட்டால் மணிக்கட்டில் வேப்பங்குச்சி விழும். அந்த வருஷம் முளைத்து வந்தபோது மூன்று ஏக்கரில் ஒரு சொட்டை இல்லை. காரியஸ்தர் வரப்பில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார், என்னவோ அவரே முளைத்து வந்த மாதிரி.

ஆடு விஷயமும் சொல்ல வேண்டும். கொல்லை பூத்திருந்த நேரம், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வெள்ளாடு வேலியைத் தாண்டி வந்து கொழுந்தைக் கடித்துக்கொண்டிருந்தது. யக்கா களைக்கொத்தை வீசினாள். முன்னங்கால் முறிந்தது. ஆட்டுக்காரர் அரிவாளோடு வந்தார்.

"எங் ஆட்டு கால ஒடச்சவ எவ?"

"நாந்தான். இன்னா இப்போ?"

அவர் இன்னா என்று காட்டிவிட்டார். அவள் முழங்கைக்குக் கீழே சதை திறந்துகொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஆட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கொத்தின் பின்பக்கம் வேலை செய்திருந்தது. யக்கா முந்தானையைக் கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டாள். ஆட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் போட்டாள்.

"மூங்கிப் பத்த வெச்சிக் கட்டு. காலு கூடிடும். கடிச்ச கொழுந்து கூடாது."

அடுத்த வாரம் வேலிக்கு முள் வெட்டிப் போட வந்தவர் அதே ஆட்டுக்காரர்தான், நொண்டிக்கொண்டு. யக்காவிடம் அடி வாங்கியவர்களுக்கு அவளிடம் ஒரு மாதிரி பயமும் இருக்கும், விட்டுப் போகவும் முடியாது. என்னையே சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட முடியாது. எங்கள் கூட்டத்தில் வயதான ஒரு விதவை இருந்தாள். ஒரு நாள் இரண்டாம் களையின்போது வெயில் தாங்காமல் செடிகள் மேலேயே மயங்கி விழுந்துவிட்டாள். யக்கா ஓடிவந்து அவள் முடியைப் பிடித்து வரப்புக்கு இழுத்துப் போட்டாள். திரும்பிப் போய், நசுங்கின செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர்ச் செம்பைத் தேடினாள். அந்தக் கிழவி பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் அன்றைக்குச் செய்ததற்காக யக்காவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எங்கள் தெரு முழுக்க வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மூன்று மைல் நடப்போம். பாவசங்கீர்த்தனம் என்றால் காதோடு காதாகச் சொல்ல வேண்டியது. யக்காவுக்குத் தணிந்த குரலே கிடையாது. வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இந்த வாரம் ஒம்போது பேர அடிச்சேன் சாமி. அதுல ரெண்டு பேரதான் தப்பா அடிச்சிட்டேன். அந்த ரெண்டுக்கு மட்டும் மன்னிப்புக் குடுங்க."

சாமியார் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவள் வெளியே வந்தபோது மூக்கு நுனி வெளுத்திருந்தது. அடுத்த வாரம் பத்துப் பேராயிற்று.

அவள் ஏன் இப்படி என்பதற்கு ஊரில் ஒரு கதை உலவியது. முன்னே எப்போதோ பண்ணையாள் ஒருவன் உதைத்து அவள் வயிற்றில் இருந்த பிள்ளை கலைந்துவிட்டதாம், அதனால்தான் விழுது இறங்கின மண்ணைத் தொட்டால் பிசாசாகிறாளாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் தைரியம் வந்து நான் அவளிடமே கேட்டுவிட்டேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனுக்கு அஞ்சி புள்ளைங்கடி. அஞ்சும் உசுரோட கீதுங்க. மல்லாட்ட காய்க்கணும்னா அத காய்க்க வுடணும். இதுக்கு எதுக்குடி ஒரு கத?"

சண்டை நடந்துகொண்டிருந்த காலம் வந்தது. எங்கேயோ வெள்ளைக்காரர்கள் சுட்டுக்கொண்டார்கள், எங்கள் பக்கத்தில் அரிசி காணாமல் போயிற்று. கேப்பை விலை ஏறிக்கொண்டே போனது. அந்த வருஷம் கொல்லை அருமையாக வந்திருந்தது. விதை, இடைவெளி, இரண்டு களை, எல்லாம் யக்காவின் கையால் நடந்தது. முந்தின வருஷம் முப்பது மூட்டை கண்ட கொல்லை. இந்த வருஷம் அதைத் தாண்டும் என்று காரியஸ்தரே சொன்னார். நாங்கள் எங்கள் பங்குக் கூடையை மனசுக்குள் எண்ணிக்கொண்டு பசியைப் பொறுத்துக்கொண்டிருந்தோம். ஆவணிக் கடைசியில் நல்ல மழை. விழுது எல்லாம் இறங்கின பிறகு புல்லும் கோரையும் கிளம்பி மல்லாட்டையை மறைத்துக்கொண்டு நின்றன. அதனால் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. காய் கீழே பத்திரமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆண்டை மகனுக்குப் பெண் நிச்சயம் பேசினார்கள். பெண் கொடுக்கிறவர்கள் நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு நிலபுலத்தை ஒரு தரம் நேரில் வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். கொல்லையில் இப்படிப் புல் மண்டியிருந்தால் சம்பந்திகள் என்ன நினைப்பார்கள் என்று விழுப்புரத்தில் இருந்தவருக்குக் கவலை வந்துவிட்டது.

காரியஸ்தர் தெருமுனையில் வந்து நின்று சொன்னார்.

"நாளைக்குச் சாய்ங்காலம் சம்பந்திங்க வர்றாங்க. கொல்லையில ஒரு புல்லு தெரியக் கூடாதுன்னு உத்தரவு. காலையில எல்லாரும் கொத்து எடுத்துக்கினு வந்துடுங்க. எரட்டைக் கூலி."

யக்கா முன்னால் வந்தாள். "விழுது எறங்கிப் பதினஞ்சி நாளு ஆவுதுங்க ஐயா."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினா சொல்றீங்க?"

"எனக்குத் தெரிஞ்சி இன்னா பண்றது? விழுப்புரத்துல கீறவருக்குத் தெரியணும். நீ போய்ச் சொல்றியா?"

"வர்றவங்க வரப்பு மேல நின்னுதான பாப்பாங்க? கருக்கருவாளால மேல் புல்ல மட்டும் அறுத்து வுட்டுர்றோம். மண்ணுல கை வெக்க மாட்டோம். ரெண்டு நாளு மட்டும் குடுங்க."

"நாளைக்கு வர்றாங்கன்றேன், ரெண்டு நாளு கேக்கறியே. பெரிய பேஜாரா கீது ஒன்னோட. ஜல்தியா முடியணும்னா கொத்துதான்."

அவர் போய்விட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தவர். அந்த மாதிரி ஆளிடமிருந்துதான் அதிகம் அடி விழும்.

மறுநாள் காலையில் நாங்கள் பதினோரு பேர் கொத்தோடு போனோம். எங்களுக்குப் பின்னால் காரியஸ்தரும் பண்ணையாட்களும் வந்தார்கள். கொல்லை மூலையில் ஒரு பனைமரம். அதனடியில், உள்ளே இறங்குகிற வழியை மறித்துக்கொண்டு, அவள் கொத்தைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். முதலில் போனவள் நான்.

"நீயாடி?" என்றாள். அவ்வளவு நாள் அடித்தவள் அந்த ஒரு வார்த்தையை அடிக்காமல் சொன்னாள்.

"வழி வுடு யக்கா."

"எட்டுல ஒண்ணு போயிடும்டி. மொத்தமாப் போயிடும். தையி வரிக்கும் இன்னாத்தத் துண்ணுவீங்க?"

"தையி வரும்போது வரட்டும். எம் புள்ள ரெண்டு நாளா வெறும் கஞ்சித் தண்ணி குடிச்சிக்கினு கீது. இன்னிக்கி அதுக்கு இன்னா குடுக்கறது, நீ சொல்லு."

பதிலுக்குக் கொத்துக் காம்பு என் முழங்கால் எலும்பில் விழுந்தது. நான் வரப்பில் சுருண்டேன். வலியில் கண் இருண்டது. அந்த வலியில் சொன்னேன் என்று பின்னால் என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். வலியில் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

"ஐயா! இவளப் புடிச்சிக் கட்டுங்க! அப்பதான் வேல ஆவும்!"

பண்ணையாட்கள் நாலு பேர் வந்தார்கள். அவள் கொத்தைச் சுழற்றினாள். ஒருவனுக்குக் காது கிழிந்தது, ஒருவனுக்கு இரண்டு விரல் போயிற்று. கடைசியில் பின்னாலிருந்து, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிற்றைப் போட்டு இழுத்துச் சாய்த்தார்கள். கையிரண்டையும் பின்னுக்கு வாங்கி, பனைமரத்தைச் சுற்றி வளைத்துக் கட்டினார்கள். கட்டும்போது அவள் வலது தோளில் சடக்கென்று ஒரு சத்தம் வந்தது. நான் நாலடி தூரத்தில் இருந்தேன், எனக்குக் கேட்டது. காதில் ரத்தம் வழிந்தவன் புளியம் மிளாறு ஒடித்துக்கொண்டு வந்தான். காரியஸ்தர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நாங்கள் கொல்லையில் இறங்கிக் கொத்தினோம்.

மிளாறு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் அழவில்லை, அடிக்கிறவனைத் திட்டவும் இல்லை. அவள் கத்தியதெல்லாம் எங்களைப் பார்த்துத்தான்.

"ஆழமாப் போவாதடி! மேலாக் கொத்து! ஏ, செடிக்குச் சாணு தள்ளி! தள்ளிக் கொத்துடி பாவி!"

மிளாறு முறிந்தது, வேறு ஒடித்து வந்தான். அவள் நிறுத்தவில்லை. "அந்த வரிசைய வுட்டுடு, அங்க காய் புடிச்சிக்கிச்சி! ஏ, கால எட்ட வெய்யி!" பதினோரு பேரும் தலையை நிமிர்த்தவில்லை. என் கொத்தில் விழுதுகள் அறுந்து அறுந்து வந்தன. வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொன்றின் நுனியிலும் மிளகு அளவுக்கு ஒரு காய். கொஞ்ச நேரம் மேலாகத்தான் கொத்தினேன். அப்புறம் வெயில் ஏறியது, சாயங்காலத்துக்குள் மூன்று ஏக்கர் முடிய வேண்டும். கை தன் பாட்டுக்கு ஆழமாகப் போயிற்று.

பனைமரத்து மூலையில் பத்துப் பன்னிரண்டு சால் மட்டும் மிஞ்சின. கட்டிப்போட்டிருந்தபோதும் அவள் காலால் உதைத்தாள், கிட்டே போக எவளுக்கும் துணிச்சல் வரவில்லை. சம்பந்திகள் எதிர் வரப்பில் நிற்பார்கள், இந்த மூலை தெரியாது என்று காரியஸ்தரும் விட்டுவிட்டார். உச்சி வேளையில் அவளை அவிழ்த்துவிட்டார்கள். வலது கை தோளிலிருந்து தொங்கியது. மயிலத்துப் பக்கம் ஒரு கட்டுப்போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். இனிப் பண்ணை நிலத்தில் கால் வைத்தால் காலும் இருக்காது என்று காரியஸ்தர் அவள் புருஷனிடம் சொல்லி அனுப்பினார்.

சம்பந்திகள் வந்தார்கள். கொல்லை கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று மெச்சினார்களாம். கல்யாணமும் நடந்தது. மேளம் விழுப்புரத்தில் அடித்தது, எங்களுக்குக் கேட்கவில்லை.

கார்த்திகையில் செடி பிடுங்கினோம். வழக்கமாக யக்காதான் நாள் குறிப்பாள். இந்தத் தடவை காரியஸ்தர் குறித்தார். காய் பிடித்த செடி லேசில் வராது, காலை ஊன்றி இழுக்க வேண்டும். அன்றைக்குத் தொட்டதும் வந்தது. வேரில் நரம்பு நரம்பாக அறுந்த விழுது தொங்கியது. எங்கேயோ ஒரு காய், அதுவும் பொக்கு. கொல்லை முழுக்க முடித்தபோது பத்து மூட்டை தேறவில்லை.

ஆண்டை ரயிலேறி வந்தார். களத்தில் குவியலைப் பார்த்தார். கொத்தினதால் கெட்டது என்று யார் சொல்வது? இவளுங்கதான் மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாளுங்க என்று ஆண்டை தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் வீடுகளில் புகுந்து பானையை உடைத்துத் தேடினார்கள். ஒன்றும் அகப்படாத கோபத்தில் எங்களைக் களத்தில் வரிசையாக நிறுத்தி அடித்தார்கள். மயங்கி விழுந்த அந்தக் கிழவியையும் விடவில்லை. எட்டில் ஒன்று என்பது அந்த வருஷம் பதினாறில் ஒன்றாயிற்று. அதையும் பதினோரு பேர் பிரித்துக்கொண்டோம்.

கடைசியாகப் பிடுங்கினது பனைமரத்து மூலை. புல் ஆளுயரம் நின்றது. நானும் இன்னொருத்தியும் சேர்ந்து இழுத்தும் முதல் செடி வரவில்லை. வந்தபோது கோழி மூக்குப் போலக் காய்கள், ஒரு செடிக்கு இரண்டு கை கொள்ளாமல். இருவரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்ளவில்லை. அந்தச் செடியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு நான் வாய்விட்டு அழுதேன்.

என் பங்கில் அந்த மூலைக் காயாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு சின்னக் கூடையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். போக வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வாசலில் நெல் உமிக் குவியலுக்குப் பக்கத்தில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி.

"யக்கா, நீ நின்ன மூலையில காய்ச்சது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் ஒரு காயை எடுத்துப் பல்லில் வைத்து உடைத்தாள். பருப்பைக் கீழே போட்டுவிட்டு ஓட்டின் உள்பக்கத்தைப் பார்த்தாள். முற்றின காயென்றால் உள்ளே கருத்திருக்கும். இது வெள்ளையாக இருந்தது. இன்னொன்று உடைத்தாள். அதுவும் வெள்ளை. மூன்றாவதும். அவள் மூக்கு நுனி வெளுத்தது.

"எவன்டி நாளு குறிச்சது?"

"காரியஸ்தருதான்."

"நீங்க பதினோரு பேரு இன்னா பண்ணீங்க? ஒருத்திகூடவா ஒடச்சிப் பாக்கல? இன்னும் பத்து நாளு மண்ணுல வுட்டிருந்தா ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி முத்தியிருக்கும்டி!"

அவள் தோள் அசைந்தது. மடியில் கிடந்த கை ஒரு விரற்கடை எழும்பி அப்படியே விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவள் மறுபடியும் முயன்றாள். முகத்தில் வேர்த்துவிட்டது, கை வரவில்லை. நான் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, முகத்தை அந்தக் கைக்குக் கிட்டே தணித்துக் கொண்டுபோனேன்.

"அடி யக்கா. நாந்தான் கட்டச் சொன்னேன். அடி."

"தெரியும். காதுல வுழுந்துது."

அடிக்கவில்லை. கேட்டாள்: "அன்னிக்கி எரட்டைக் கூலியில இன்னா வாங்கன?"

"கேப்பை."

"எத்தினி நாளு வந்துது?"

"ரெண்டு நாளு."

"புள்ள துண்ணுச்சா?"

"துண்ணுச்சி."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்கினு போ. தையி வர இன்னும் ஒண்ணரை மாசம் கீது."